கேன் தண்ணீருக்கு நாற்பது ரூபாய்: எதற்குக் கொடுக்கிறோம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரியில் அடுக்குமாடி வீடு, நான்கு பேர். இரண்டு நாளைக்கு ஒரு கேன் வீதம் மாதம் பதினைந்து கேன், ஒன்று 40 ரூபாய். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "குழாயில நல்ல தண்ணி வருது, காய்ச்சிக் குடிச்சா போதாதா, இதுக்கா காசு குடுக்கறீங்க" என்கிறார். கணவர், தண்ணீரிலிருந்து உப்பை வடிக்கும் ஆர்ஓ மெஷின் மாட்டிவிடலாம் என்கிறார். நீங்கள் கேனையே தொடரலாமா என்று யோசிக்கிறீர்கள். மூவரில் யார் சொல்வது சரி?

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் குப்பியும் கையுமாக இருந்தவன் நான். என் ஓட்டு மாமியாருக்கு. ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். உங்கள் சமையலறைக் குழாயில் வருவது சென்னைக் குடிநீர் வாரியம் அனுப்பும் மெட்ரோ தண்ணீர்தானா? அவர் ஊரில் குழாய் என்றால் ஒரே தண்ணீர்தான். சென்னை அடுக்ககங்களில் ஒரே குழாயில் மூன்று இடத்துத் தண்ணீர் வரும். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் காசுக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

மாதம் பதினைந்து கேன் என்றால் 300 லிட்டர், நாளைக்குப் பத்து லிட்டர். மாதம் 600 ரூபாய், வருடம் 7,200. லிட்டர் 2 ரூபாய். குழாய்த் தண்ணீருக்கு மாதக் கட்டணமாக வீட்டுக்கு நூறு ரூபாய் அளவில் கட்டுகிறோம், குடிநீர் வரி தனி. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அது. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் லிட்டருக்குச் சில பைசாவைத் தாண்டாது.

"அப்போ காய்ச்சினால் இலவசம்" என்று நினைத்துவிட வேண்டாம். பத்து லிட்டரைக் கொதிக்க வைக்க, அடுப்பில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால், ஏறக்குறைய 110 கிராம் கேஸ் ஆகும். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 7 ரூபாய், லிட்டருக்கு 70 பைசா. மாதம் இருநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. சமையலுக்குப் போகும் தண்ணீர் எப்படியும் அடுப்பில் கொதிக்கத்தான் போகிறது, அதைத் தனியாகக் காய்ச்ச வேண்டியதில்லை. குடிக்கிற ஐந்தாறு லிட்டரை மட்டும் காய்ச்சினால் செலவு இன்னும் பாதியாகும்.

இப்போது கணவரின் ஆர்ஓ. மெஷின் 15,000 ரூபாய், ஏழு வருடம் உழைக்கும், வருட சர்வீஸ் 4,000 என்று வையுங்கள். நாளைக்குப் பத்து லிட்டருக்கு வகுத்தால் லிட்டருக்கு 1 ரூபாய் 68 பைசா வருகிறது. கேன் விலைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது பாருங்கள். மெஷின் வாங்கியதும் தண்ணீர்ச் செலவு தீர்ந்தது என்று நினைக்கிறோம். ஆனால் மெம்பிரேனும் (உப்பை வடிக்கும் சவ்வு) ஃபில்டரும் வருடாவருடம் காசு கேட்கும். உப்பைத் தொடாமல் புறஊதா ஒளியால் கிருமியை மட்டும் கொல்லும் யுவி மெஷின் என்றால் 8,000 ரூபாயும் வருடத்துக்கு 2,500-ம் ஆகும். அது லிட்டருக்கு ஒரு ரூபாய்.

கடையில் வாங்கும் ஒரு லிட்டர் பாட்டில் இதிலெல்லாம் சேராது. அது 20 ரூபாய், கேனைப் போலப் பத்து மடங்கு. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை 18 சதவீதத்திலிருந்து 5 ஆக இறக்கிய பிறகு ரயில்வே விற்கும் ரயில் நீர் பாட்டில் 15 ரூபாயிலிருந்து 14 ஆனது. நட்சத்திர ஓட்டலில் அதே மாதிரி பாட்டிலுக்கு நூறு ரூபாய்க்கு மேலும் போடுவார்கள். ஓட்டலும் உணவகமும் எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, நாற்காலிக்கும் ஏசிக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள் என்பது அதன் வாதம்.

சரி, கேனில் இருப்பது என்ன? பெரும்பாலும் புறநகரில் ஒரு போர்வெல், அதிலிருந்து இறைத்த உப்புத் தண்ணீர், ஆர்ஓவில் ஓடி உப்பு இறங்கியது. பிறகு கிருமியைக் கொல்ல யுவி விளக்கு அல்லது ஓசோன் வாயு, அப்புறம் கேன். அங்கிருந்து வண்டி, ஏஜென்ட், தெருமுனைக் கடை, கடைசியில் இரண்டு கேனைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாவது மாடி ஏறும் பையன். நீங்கள் கொடுக்கும் 40 ரூபாயில் தண்ணீரைச் சுத்தம் பண்ணியதற்கு ஆன செலவு சில ரூபாய்தான் இருக்கும். மீதியெல்லாம் சுமைகூலி. தவறென்று சொல்லவில்லை, 20 கிலோவை உங்களால் தூக்கி வர முடியுமா? எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை நாம் "மினரல் வாட்டர்" என்கிறோம். வேடிக்கைதான், மினரலை எடுத்துவிட்ட தண்ணீர் அது. சட்டப்படி இயற்கை மினரல் வாட்டருக்கு ஐஎஸ் 13428 என்று தனித் தரம் உண்டு. ஊற்றில் எடுத்தது, உப்பை மாற்றாமல் அடைத்தது, விலை யானை விலை. நம் கேனும் சாதா பாட்டிலும் ஐஎஸ் 14543-ன் கீழ் வரும் "பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர்". மினரல் போய்விட்டதே என்று பயப்படவும் வேண்டாம், ஒரு டம்ளர் பாலிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. முன்பெல்லாம் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 2024 அக்டோபரில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதமே பேக்கேஜ்டு தண்ணீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, வருடாந்தர ஆய்வும் வெளியார் தணிக்கையும் வேண்டும் என்றார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் பதினான்கு இலக்க உரிம எண் இல்லாத கேனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். நிரப்பிய தேதி அழிந்திருந்தாலும் அப்படியே.

பல வருடத்துக்கு முன் ஒரு கேன் கம்பெனிக்கு மாதிரி எடுக்கப் போயிருந்தேன். ஆர்ஓ யூனிட் பளபளவென்று இருந்தது. மெம்பிரேனிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிரப்பிய கேனிலிருந்து எடுத்த மாதிரியில் கோலிஃபார்ம், அதாவது அசுத்தக் கலப்பைக் காட்டும் கிருமி வந்தது. எப்படி? கேன் கழுவும் இடத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒரு சிமெண்ட் தொட்டி, ஒரே சோப்புத் தண்ணீர், அதில் காலை முதல் மாலை வரை நூற்றுக்கணக்கான கேன் முங்கி எழுகிறது. அந்தக் கேனில் முந்தைய வாரம் யாரோ மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தாலும் யாருக்குத் தெரியப் போகிறது. எல்லாக் கம்பெனியும் இப்படி என்று சொல்ல மாட்டேன். இயந்திரத்தில் சுடுகாரக் கரைசல் பீய்ச்சிக் கழுவும் இடங்களையும் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கேனும் ஒரே நீலம்தான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கேன் தண்ணீரில் குளோரின் கிடையாது. ஓசோன் சில மணி நேரத்தில் போய்விடும். அதாவது மூடியைப் பிரித்த பிறகு அதில் கிருமி விழுந்தால் தடுக்கக் காவல் இல்லை. கேனை மண்பானைமேல் கவிழ்த்து வைத்து, அந்தப் பானையைப் பொங்கலுக்குப் பொங்கல் கழுவுகிற வீடுகள் எத்தனையோ. அதில் பிடித்த தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து கேன்காரரைத் திட்டியவர்கள் உண்டு. பானையின் உள்பக்கம் விரலை விட்டுப் பாருங்கள், வழவழவென்று இருந்தால் அதுதான் குற்றவாளி. கேனைப் பிரித்தால் இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்கவே வேண்டாம். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும்.

மைக்ரோபிளாஸ்டிக் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துணுக்குகளை எண்ணினார்கள், பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத நானோ துணுக்குகள். அது உடம்பில் என்ன செய்யும் என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. அதை வைத்து உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. கிருமி விஷயம் அப்படியில்லை, அது என்ன செய்யும் என்று நமக்கு நூறு வருடமாகத் தெரியும்.

மெட்ரோ தண்ணீருக்கு வருவோம். 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு தொடங்கிய நகரம் இது. இன்று பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள், ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நீர், 2004 முதல் வீராணம், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் என்று பல ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறோம். உங்கள் தென்சென்னைப் பக்கத்துக்கு நெம்மேலித் தண்ணீர் முக்கியம். 2013-ல் நாளுக்குப் பத்து கோடி லிட்டரில் தொடங்கியது, பக்கத்திலேயே பதினைந்து கோடி லிட்டரில் இன்னொன்று 2024-ல் வந்தது. அதுவும் ஆர்ஓதான் என்பதைக் கவனியுங்கள். கடலில் ஒருமுறை ஆர்ஓ ஆகி வந்த தண்ணீரை வீட்டில் மறுபடி ஆர்ஓவில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு வெளியே வரும்போது இந்தத் தண்ணீரைக் கையில் பிடித்து அப்படியே குடிக்கலாம், நான் குடித்திருக்கிறேன். ஏரித் தண்ணீரைப் படிகாரம் போட்டுத் தெளிய வைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரப்படி, உங்கள் குழாய்வரை வந்த பிறகும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். "மருந்து வாடை அடிக்குது" என்று மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அந்த வாடை இருக்கிறவரை நல்லது. பிடித்துத் திறந்து வைத்தால் சில மணி நேரத்தில் குறைந்துவிடும்.

அப்புறம் எங்கே கெடுகிறது? கடைசி நூறு மீட்டரில். சென்னையில் குழாயில் இருபத்துநாலு மணி நேரமும் அழுத்தம் இருப்பதில்லை. சில மணி நேரம் தண்ணீர் விட்டு நிறுத்துவார்கள். நிறுத்திய பிறகு குழாய் காலியாகும், உள்ளே உறிஞ்சல் ஏற்படும். பக்கத்தில் ஓடும் சாக்கடைக் குழாய் கசிந்தால், நம் குழாயிலும் ஒரு விரிசல் இருந்தால், அந்த அழுக்கு உள்ளே இழுக்கப்படும். தெருவில் யாராவது குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். தண்ணீர் விட்டதும் முதல் பத்து நிமிடம் கலங்கலாக வருவது இதனால்தான். அதைப் பிடிக்காமல் வாசல் தெளிக்க விட்டுவிட வேண்டும்.

அதையும் தாண்டி வந்தால் சம்ப், அதாவது தரைக்கடித் தொட்டி இருக்கிறது. பழவந்தாங்கல் பக்கம் ஓர் அடுக்ககத்தில் ஒரே மாதத்தில் ஆறு வீட்டில் மஞ்சள் காமாலை. எல்லாரும் மெட்ரோ வாட்டரைத்தான் திட்டினார்கள். வாசலில் மெட்ரோ குழாயிலேயே பிடித்துப் பார்த்தேன், குளோரின் 0.5 இருந்தது. சம்ப்பில் பூஜ்யம். சம்ப்பை இறைத்துக் காலி செய்து பார்த்தால் சுவரில் ஒரு முழம் நீளத்துக்கு விரிசல், அந்தப் பக்கம் இரண்டடி தள்ளிக் கழிவுநீர்த் தொட்டி. எட்டு வருடமாகச் சம்ப்பை யாரும் இறங்கிக் கழுவவில்லையாம். அந்த ஆறு வீட்டில் நான்கு வீடு கேன் தண்ணீர் குடிக்கிறவர்கள் என்பதுதான் விசேஷம். குடிக்கக் கேன், ஆனால் பல் தேய்க்கவும் பழம் கழுவவும் சட்னிக்கு ஊற்றவும் குழாய். கேனுக்குக் காசு கொடுத்துவிட்டால் சம்ப்பை மறந்துவிடலாம் என்று நினைப்பது இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

இப்போது உங்கள் குழாய். வேளச்சேரியில் பல அடுக்ககங்களில் மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றும் ஒரே சம்ப்பில் விழும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்ததே, அந்த வருடத்திலிருந்து லாரிக்கென்று சம்ப்பில் ஓட்டை போட்ட அடுக்ககங்கள் நிறைய. வாட்ச்மேனையோ அசோசியேஷன் செயலாளரையோ பிடித்து, எந்தத் தண்ணீர் எந்தச் சம்ப்பில் விழுகிறது, சமையலறைக் குழாய்க்குத் தனி லைன் உண்டா, கீழே மெட்ரோ அடிபம்பு இன்னும் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்குப் பதில் தெரியாமல் மெஷின் வாங்கக் கூடாது.

மெஷின் விற்க வருகிறவர் இதைக் கேட்க மாட்டார். ஒரு டிடிஎஸ் மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் விட்டு "480 காட்டுது மேடம்" என்பார். டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் உப்பின் அளவு. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்று குடிநீர்த் தரமே சொல்கிறது, வேறு தண்ணீர் இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. இளநீரில் விட்டால் மீட்டர் ஆயிரக்கணக்கில் காட்டும், அதற்காக இளநீர் குடிக்காமல் இருக்கிறோமா? அந்த மீட்டர் கிருமியைப் பார்க்கவே பார்க்காது. சாக்கடை கலந்த தண்ணீரும் 400 காட்டலாம். பிறகு இரண்டு கம்பியுள்ள ஒரு கருவியை எடுத்து இரண்டு டம்ளரில் வைத்துக் கரண்ட் கொடுப்பார். குழாய்த் தண்ணீர் காவி நிறமாகிச் சகதி மாதிரி ஆகிவிடும், ஆர்ஓ தண்ணீர் அப்படியே இருக்கும். அந்தச் சகதி தண்ணீரில் இருந்ததில்லை, இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. உப்பு இருந்தால் கரண்ட் பாயும், கம்பி கரையும். உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரில் கரண்ட் பாயாது. அடுத்த தடவை அவர் வரும்போது ஆர்ஓ டம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

டிடிஎஸ் 500-க்குக் கீழே இருக்கிற இடத்தில் ஆர்ஓ மெஷினுக்குத் தடை விதிக்க வேண்டும் என்று 2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது. காரணம், வீட்டு மெஷின் ஒரு லிட்டர் கொடுக்க மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடும். உங்களுக்கு நாளைக்குப் பத்து லிட்டர் என்றால் முப்பது லிட்டர் வீண். லாரிக்குக் காசு கொடுக்கிற ஊரில் இதைக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது. (அந்தத் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துத் தரை துடைக்கலாம். முதல் வாரம் எல்லாரும் பிடிப்பார்கள்.)

நீங்கள் செய்ய வேண்டிய சோதனை மூன்று. சமையலறைக் குழாயில் குளோரின் இருக்கிறதா என்று பாருங்கள். சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும் சின்ன கிட், மீன்தொட்டிக் கடையில்கூடக் கிடைக்கும். இரண்டாவது, ஹெச்2எஸ் குப்பி. 1982-ல் குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் கண்டுபிடித்த எளிய முறை. கோடுவரை தண்ணீர் நிரப்பி ஒன்றிரண்டு நாள் அறைச் சூட்டில் வைத்தால், மலக்கழிவுக் கலப்பு இருந்தால் கறுப்பாகும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், கறுத்ததைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொட்டுங்கள். கேன் தண்ணீருக்கும் ஒரு குப்பி வைத்துப் பாருங்கள், மாமியார் முன்னால். மூன்றாவதுதான் டிடிஎஸ். முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலோ குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலோ கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். மாதிரி எடுக்கும் பாட்டிலை அவர்களிடமே வாங்குங்கள், குளிர்பான பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

குழாயில் மெட்ரோ மட்டும் வருகிறது, டிடிஎஸ் 500 வாக்கில் இருக்கிறது என்றால் காய்ச்சுங்கள், அல்லது யுவி மெஷின் போதும். கொதி வந்து ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும், பத்து நிமிடம் கொதிக்கவிட்டுக் கேஸைக் கரைக்க வேண்டாம். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆற வையுங்கள். அவசரத்துக்குப் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவினால் காய்ச்சியது அத்தனையும் வீண். டம்ளரை உள்ளே விட்டு மோக்காமல் நீளக் கைப்பிடிக் கரண்டி போடுங்கள். மாமியார் சீரகம் போடுகிறேன் என்றால் போடட்டும்.

போர் தண்ணீர் கலந்து 900, 1,000 என்று காட்டுகிறதா? காய்ச்சினால் உப்பு போகாது, டீ கூட ருசிக்காது. அப்போது கீழே அடிபம்பில் மெட்ரோ வந்தால் குடிக்க மட்டும் இரண்டு குடம் அடித்துக் காய்ச்சலாம். அதற்கு ஆள் இல்லையென்றால் ஆர்ஓ வாங்குவதில் தப்பில்லை. அப்போது கணவர் சொன்னது சரி. எதுவானாலும் சம்ப்பையும் மேல்தொட்டியையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவச் சொல்லி அசோசியேஷனில் பேசுங்கள்.

குப்பி கறுத்தால் மட்டும், சம்ப் சரியாகும்வரை சமையலுக்கும் பல் தேய்க்கவும்கூடக் காய்ச்சிய தண்ணீர்தான்.

கேன்காரரை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம். லைன் உடைந்து இரண்டு நாள் தண்ணீர் வராத ஊர் இது. மூடி பிரிக்காத ஒரு கேன் வீட்டில் நிழலான இடத்தில் இருக்கட்டும், மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். மீதிக் காலி கேன்களைத் திருப்பிக் கொடுக்கும்போது டெபாசிட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் அவராக ஞாபகப்படுத்த மாட்டார்.